எய்ட் பால் டீலக்ஸ் பின்பால் இயந்திரம்: தேர்ந்தெடுத்து, வாங்கி, பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் இயங்கிய பாலி நிறுவனம் 1981 இல் வெளியிட்ட ‘எய்ட் பால் டீலக்ஸ்’, விளையாட்டுகளைக் கருப்பொருளாகக் கொண்ட பின்பால் இயந்திரங்களுள் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்கும் ஒன்று. பின்பால் என்பது, கண்ணாடியால் மூடிய சாய்வான ஆடுபலகை மீது ஓடும் எஃகுப் பந்தை ஃபிளிப்பர் என்னும் அசையும் கைகளால் அடித்து, இலக்குகளைத் தாக்கிப் புள்ளி சேர்க்கும் காசு இயந்திரம். 8,250 இயந்திரங்கள் தயாரிக்கப்பட்டதால் இதை அரிய பொருள் என்று சொல்ல முடியாது. இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் வந்து, இன்று எவரும் நினைத்துப் பார்க்காத இயந்திரங்கள் ஏராளம். இதன் மதிப்பு அரிதாகக் கிடைப்பதால் வருவதன்று, நன்றாக ஆடுவதால் வருவது. ஆகவே இதை வாங்க விரும்புபவர், பார்வைக்கு அழகாக இருக்கிறதா என்பதற்கு முன்பாக, ஆடுவதற்குத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

படி 1: எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

இந்த இயந்திரத்தின் கரு, பதினைந்து பந்துகளைக் கொண்டு ஆடப்படும் அமெரிக்க பூல் ஆட்டம். அதில் ஒருவர் 1 முதல் 7 வரையுள்ள முழுநிறப் பந்துகளையும், மற்றவர் 9 முதல் 15 வரையுள்ள பட்டைப் பந்துகளையும் குழிகளில் தள்ள வேண்டும். தம் பங்கை முடித்தவர் கடைசியாகக் கறுப்பு நிற எட்டாம் பந்தைத் தள்ளினால் வெற்றி. பூல் மேசை பின்பால் இயந்திரங்களுக்குப் புதிய கருப்பொருள் அன்று. காட்லீப் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அதைப் பயன்படுத்தி வந்தன. ஆனால் 1977 இல் ஜார்ஜ் கிறிஸ்டியன் வடிவமைத்து, பால் ஃபாரிஸ் ஓவியம் தீட்டிய பாலியின் முதல் ‘எய்ட் பால்’ அந்தக் கருவுக்கு ஒரு புதிய வலிமையைத் தந்தது.

அதற்கு முந்தைய இயந்திரங்கள் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சுகளாலும், படிப்படியாகச் சுழலும் சக்கரங்களாலும் இயங்கின. ஒரு ஆட்டக்காரர் எந்தெந்த இலக்குகளை அடித்திருக்கிறார் என்பதை அடுத்த முறை அவர் ஆட வரும்வரை நினைவில் வைத்திருப்பது அவற்றுக்குக் கடினமான வேலை. 1977 வாக்கில் நுண்செயலி பின்பாலுக்குள் நுழைந்தது. தாம் உள்ளே தள்ளிய பந்துகளை ஆட்டக்காரர் தம் அடுத்த முறையிலும் அப்படியே திரும்பப் பெறும் வசதியை அளித்த தொடக்ககால இயந்திரங்களுள் ‘எய்ட் பால்’ ஒன்று. பூல் ஆட்டத்தில் இந்த நினைவாற்றல் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. மக்கள் அதை உடனே உணர்ந்தார்கள் என்பதற்கு விற்பனையே சான்று: 20,230 இயந்திரங்கள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னர் பாலி என்ற பெயரிலேயே 1992 இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 என்ற எண்ணைத் தொட்ட பிறகே அந்தச் சாதனை முறிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே கிறிஸ்டியன் வடிவமைத்ததுதான் ‘டீலக்ஸ்’. ஓவியம் மார்கரெட் ஹட்சனுடையது. தொப்பியணிந்த மாட்டுக்காரர்களும் மதுக்கடையுமாக அமெரிக்க மேற்குப் பகுதியின் சாயலில் அமைந்தது. இயந்திரம் பேசவும் செய்யும். காசு போட்டுவிட்டு ஆடாமல் நின்றால், “குவிட் டாக்கிங் அண்ட் ஸ்டார்ட் சாக்கிங்” என்று, பேச்சை விட்டுவிட்டு, பூல் ஆடும் கோலின் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்க்கச் சொல்லும் குரல், இதை ஒருமுறை ஆடியவர்களுக்கும் மறப்பதில்லை.

சேகரிப்பாளர்களைக் கட்டிப்போடுவது ஆட்டத்தின் அமைப்பு. வலப்புறத்தில் ஏழு டிராப் டார்கெட்டுகள், அதாவது பந்து பட்டதும் பலகைக்குக் கீழே இறங்கிவிடும் இலக்குத் தகடுகள், ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றை வீழ்த்தி முடித்த பிறகுதான் எட்டாம் பந்துக்கான இலக்கு ஒளிரும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மற்றொரு தகடு வரிசை, பந்து முடிவில் கிடைக்கும் போனஸைப் பெருக்கிக்கொண்டே போகும். ‘டீலக்ஸ்’ என்ற சொல்லின் எழுத்துகளை நிறைவு செய்வது இன்னொரு வேலை. கீழே உள்ள இரண்டு ஃபிளிப்பர்களோடு வலப்புற மேற்பகுதியில் மூன்றாவது ஃபிளிப்பர் ஒன்றும் உண்டு. விதிகள் இவ்வளவே. புதிதாக வருபவர் ஒரே ஆட்டத்தில் புரிந்துகொள்ளலாம். ஆனால் எதை முதலில் அடிப்பது, எப்போது ஆபத்தை ஏற்பது என்ற முடிவுகள் ஒவ்வொரு பந்திலும் மாறும். பிற்காலத்து இயந்திரங்களில் திரையையும் விதிப்புத்தகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை, இதில் பலகை மீதுள்ள விளக்குகளே சொல்லிவிடுகின்றன. என் பார்வையில், விளையாட்டைக் கருவாகக் கொண்ட பின்பால்களில் கருவும் விதியும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது வேறு ஒன்று இல்லை.

வாங்கும் முன், விற்பவரிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1981 இன் முதல் பதிப்பு, 1982 இல் வேறு பெட்டி அமைப்பில் 2,388 எண்ணிக்கையில் வந்த ‘லிமிடெட் எடிஷன்’, 1984 இல் மீண்டும் தயாரிக்கப்பட்டது என மூன்று உண்டு. ‘லிமிடெட்’ என்ற பெயரைப் பார்த்து அதிக விலை கேட்பவர்கள் இருப்பார்கள். ஆட்டம் மூன்றிலும் ஒன்றே. பெரும்பாலான சேகரிப்பாளர்கள் வழக்கமான பெட்டியுடன் கூடிய முதல் பதிப்பையே அதிகம் விரும்புகிறார்கள். 1985 இல் வந்த ‘எய்ட் பால் சாம்ப்’ இதே குடும்பத்துப் பெயரைத் தாங்கிய வேறொரு இயந்திரம். அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படி 2: நேரில் செல்வதற்கு முன்

விற்பவரிடம் ஐந்து வகைப் படங்களைக் கேளுங்கள்: மேல் கண்ணாடியை நீக்கிவிட்டு எடுத்த ஆடுபலகையின் முழுப்படம், பந்து தெறித்துவரும் இடங்களின் நெருக்கமான படம், விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் பேக்கிளாஸ் என்னும் ஓவியக் கண்ணாடி, அதன் பின்னாலுள்ள தலைப்பெட்டியைத் திறந்து எடுத்த சர்க்யூட் பலகைகள், ஆடுபலகையை உயர்த்தி எடுத்த அடிப்பகுதி. இவற்றைத் தர மறுப்பவரிடமிருந்து நீண்ட பயணம் செய்து வாங்க வேண்டாம். மேல் கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் தேய்மானம் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் ஒரு நல்ல டார்ச், மல்டிமீட்டர், சில மாற்று ஃபியூஸ்கள், மென்மையான துணி ஆகியவை போதும். இந்த இயந்திரத்தின் கையேட்டையும் மின்சுற்று வரைபடங்களையும் முன்கூட்டியே படித்துவிட்டுச் செல்வது நல்லது. பின்பால் தரவுகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையத் தரவுத்தளத்தில் தயாரிப்பு எண்ணிக்கை, படங்கள், வடிவமைப்பாளர் விவரம் அனைத்தும் கிடைக்கும்.

படி 3: ஆடுபலகையைப் படித்தல்

என் உறுதியான கருத்து இது: மின்னணுப் பலகைகளை மாற்றலாம், பாகங்களை அசைக்கும் மின்காந்தச் சுருள்களான காயில்களை மாற்றலாம், ரப்பர் வளையங்களை மாற்றலாம், ஆனால் தேய்ந்துபோன ஆடுபலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் வேலை. ஆகவே நேரத்தின் பெரும்பகுதியை இங்கேயே செலவிடுங்கள்.

ஆடுபலகை ஒட்டுப்பலகையால் ஆனது. அதன் மீது வண்ணம் அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகுப் பந்து அந்தப் பூச்சின் மீது பல்லாயிரம் முறை ஓடியிருக்கும். தேய்மானம் எங்கும் சீராக இருக்காது. சில இடங்களிலேயே குவியும். ஏழு டிராப் டார்கெட்டுகளின் முன்பகுதி, ஃபிளிப்பர்களுக்கு மேலே உள்ள பரப்பு, பந்து உள்ளே வந்து விழும் இடங்கள், விளக்குகளுக்கு மேலே பதிக்கப்பட்ட நிறப் பிளாஸ்டிக் வில்லைகளின் விளிம்புகள் ஆகியவற்றில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பாய்ச்சும் ஒளியில் மறையும் குறைகள், சாய்ந்த ஒளியில் நிழலோடு தெரியும்.

கேரம் ஆடுபவர் காய்களைப் பரப்புவதற்கு முன் பலகையைத் தடவிப் பார்ப்பதுபோல, விரல் நுனியை வில்லைகளின் மீது மெதுவாக ஓட்டுங்கள். பழைய இயந்திரங்களில் பிளாஸ்டிக் வில்லை நடுவில் குழிந்தோ, ஓரத்தில் மேலெழும்பியோ, பலகை மட்டத்திலிருந்து கீழே இறங்கியோ இருக்கும். குழிந்த வில்லை மீது மெதுவாக வரும் பந்து தன் பாதையை மாற்றிக்கொள்ளும். வரிசையின் கடைசித் தகட்டை நோக்கி நீங்கள் குறிவைத்த பந்து அங்கே போய்ச் சேராமல் போவதற்கு இதுவே காரணமாகலாம். மேலெழும்பிய வில்லையைச் சூடேற்றி, ஒட்டி, அழுத்தி மட்டப்படுத்தலாம். அது பொறுமையான வேலை என்றாலும் செய்யக்கூடியதே. வண்ணம் உரிந்து மரம் தெரியும் பகுதியோ வேறு விதம்: அங்கே கையால் தீட்டிய வண்ணத்தை எத்தனை திறமையானவர் செய்தாலும் அருகிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும்.

மரத்தின் ரேகைகளை ஒட்டி நீளவாட்டில் ஓடும் மெல்லிய விரிசல்கள் இக்காலத்து இயந்திரங்களில் இயல்பு. அவை அழுக்கேறிக் கறுத்திருந்தால் பார்வைக்கு மோசமாகத் தோன்றும். ஆயினும் பந்தின் ஓட்டத்தை அவை பெரிதாகப் பாதிப்பதில்லை. இதை விலை குறைப்பதற்கான காரணமாகச் சொல்லலாம், வாங்காமல் விடுவதற்கான காரணமாகக் கொள்ள வேண்டாம். சில பலகைகளில் மைலார் என்னும் ஒளிபுகும் படலம் ஒட்டப்பட்டிருக்கும். அது இறுக்கமாக இருந்தால் அடியிலுள்ள வண்ணத்தைக் காத்திருக்கிறது என்று மகிழலாம். குமிழிட்டிருந்தால் அங்கேயே பிய்த்துப் பார்க்க எவரையும் அனுமதிக்காதீர்கள், படலத்தோடு வண்ணமும் வந்துவிடும்.

படி 4: பேக்கிளாஸும் பெட்டியும்

தலைப்பெட்டியின் முன்னால் நிற்கும் பேக்கிளாஸில் ஓவியம், கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ளது. பல ஆண்டுகள் பின்னாலிருந்து விளக்குகளின் வெப்பமும், காற்றின் ஈரமும் தாக்கியதால் அந்த வண்ணம் செதில் செதிலாகப் பெயர்வது அக்காலப் பாலி இயந்திரங்களின் பொதுவான குறை. விளக்கை எரியவிட்டால் பெயர்ந்த இடங்களில் வெள்ளொளி புள்ளிகளாக ஊடுருவும். ஆகவே அணைந்த நிலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கத்தைத் துணியால் துடைக்கவே கூடாது. முன்பக்கத்தை மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். தளர்ந்த வண்ணத்தை மேலும் உதிராமல் நிறுத்த, பின்பக்கத்தில் தெளிவான தடித்த அக்ரிலிக் பூச்சைத் தெளிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஒருமுறை தெளித்தால் திரும்ப எடுக்க இயலாது. பெயர்தல் தொடங்காத கண்ணாடிக்கு அதைச் செய்ய வேண்டியதில்லை.

பெட்டியில் பார்க்க வேண்டியவை குறைவு. அடிப்பலகை ஈரத்தில் ஊறி வீங்கியிருக்கிறதா, கால்கள் பொருந்தும் மூலைகள் பிளந்திருக்கின்றனவா, பக்கங்களில் உள்ள அச்சு பழையதா அல்லது பின்னர் பூசப்பட்டதா என்ற மூன்றும் போதும். கீறல்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். இது பொது இடங்களில் காசுக்கு உழைத்த இயந்திரம்.

படி 5: மின்னணுவியல்

தலைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது ஒரு பேட்டரி. தாய்ப்பலகையான எம்.பி.யு. மீது 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதிகபட்ச ஸ்கோர்களையும் அமைப்புகளையும் மின்சாரம் இல்லாதபோதும் காப்பது அதன் பணி. ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசியும். கசியும் திரவமும் ஆவியும் காரத்தன்மை கொண்டவை. அவை செம்புத் தடங்களையும், அருகிலுள்ள சாக்கெட்டுகளையும், இணைப்பு ஊசிகளையும் அரிக்கும். பச்சையோ சாம்பலோ கலந்த பொடி பேட்டரியைச் சுற்றி மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். சிப்புகளின் கால்கள் வரை பரவியிருந்தால், பலகையையே மாற்றுவதற்கான செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். இந்தத் தலைமுறைப் பாலி இயந்திரங்களுக்குப் பொருந்தும் புதிய மாற்றுப் பலகைகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன என்பது சேகரிப்பாளர்களுக்குப் பெரும் ஆறுதல்.

அடுத்தது, மின்சாரத்தை இயக்கியதும் எம்.பி.யு. பலகை மீதுள்ள சிறிய சிவப்பு எல்.ஈ.டி. விளக்கைக் கவனிப்பது. அது முதலில் ஒருமுறை படபடத்துவிட்டு, பிறகு ஏழு முறை மின்ன வேண்டும். ஒவ்வொரு மின்னலும் ஒரு சோதனை வெற்றி பெற்றதற்கான அறிவிப்பு. முதல் மின்னல் நிரல் உள்ள ரோம் சிப்புகளுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் இருவகை நினைவகச் சிப்புகளுக்கு. நான்காவதும் ஐந்தாவதும் வெளியுலகோடு தொடர்புகொள்ளும் இரண்டு இடைமுகச் சிப்புகளுக்கு. ஆறாவது, ஸ்கோரைக் காட்டும் டிஸ்பிளேக்களை இயக்கும் நேரச் சுற்றுக்கு. ஏழாவது, காயில்களுக்கான 43 வோல்ட் மின்னழுத்தம் வந்து சேர்கிறதா என்பதற்கு. ஆகவே ஆறோடு நின்றுவிட்ட இயந்திரம் பெரும்பாலும் ஒரு ஃபியூஸையோ தளர்ந்த இணைப்பையோ மட்டுமே கேட்கிறது. மின்னாமல் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு அதைவிட ஆழமான சிக்கலைக் குறிக்கும். “ஓடாது, பாகங்களுக்காக” என்று மலிவாக விற்கப்படும் இயந்திரத்தில் இந்த எண்ணிக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கு நல்ல வாய்ப்பு காத்திருக்கும்.

பேச்சுக்கும் ஒலிக்கும் ‘ஸ்குவாக் அண்ட் டாக்’ என்ற தனிப் பலகை உண்டு. குரலை உருவாக்குவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டி.எம்.எஸ். 5200 என்ற சிப். இது இப்போது தயாரிக்கப்படுவதில்லை. எனவே சோதனையின்போது குரல் தெளிவாக வருகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். ஒலி இருந்து பேச்சு மட்டும் இல்லையென்றால் சந்தேகம் முதலில் இந்தச் சிப்பின் மீதே விழும்.

டிஸ்பிளேக்கள் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இவற்றுக்குச் சுமார் 190 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேவை. இலக்கங்கள் மங்கியோ, ஓரம் கறுத்தோ இருந்தால் குழாய் தேய்ந்துவிட்டது என்று பொருள். தலைப்பெட்டி திறந்திருக்கும்போது இயந்திரம் ஓடினால் கைகளைத் தள்ளியே வைத்திருங்கள். இந்த மின்னழுத்தம் வலியோடு முடிந்துவிடும் ஒன்றன்று.

இணைப்பிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மின்சாரத்தை நேர்மின்னாக்கும் ரெக்டிஃபையர் பலகையிலும் விளக்குகளுக்கான சுற்றுகளிலும் பிளாஸ்டிக் உறைகள் பழுப்பேறிக் கருகியிருப்பது வழக்கம். கருகிய இணைப்பியில் ஊசிகளையும் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கருகும்.

படி 6: சோதனையும் ஆட்டமும்

காசுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கட்டுப்பாட்டிலுள்ள விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னும், மீண்டும் அழுத்தினால் டிஸ்பிளேக்களில் 0 முதல் 9 வரை எண்கள் ஓடும், அடுத்து காயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும், பின்னர் ஒலி, கடைசியில், மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட சுவிட்சு ஏதேனும் இருந்தால் அதன் எண் தோன்றும். விற்பவர் “எல்லாம் வேலை செய்கிறது” என்று சொன்னாலும் இந்தச் சோதனையை ஒருமுறை முழுமையாக ஓட்டுங்கள்.

பிறகு ஆடுங்கள். ஒரு ஆட்டம் போதாது. காயில்கள் சூடான பின்பே சில குறைகள் வெளிப்படும். ஏழு தகடுகளும் ஒரே அடியில் மீண்டும் நிமிர்கின்றனவா, பந்து பட்டும் விழாமல் நிற்கும் தகடு உண்டா, பந்து படாமலே அதிர்வில் விழும் தகடு உண்டா என்று கவனியுங்கள். இந்த இயந்திரத்தின் உயிர் அந்த வரிசையில்தான் இருக்கிறது. மேல் ஃபிளிப்பர் தளர்ந்திருந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஆட்டம் சப்பென்றிருக்கும்.

படி 7: விலை

விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள்; விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். அவற்றையும் மூன்று வகையாகப் பிரித்தே ஒப்பிட வேண்டும்: ஓடாத இயந்திரம், தேய்மானத்தோடு ஓடும் இயந்திரம், முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட இயந்திரம். “புதுப்பிக்கப்பட்டது” என்ற சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். புதிய ரப்பரும் பளபளக்கும் பெட்டியும் மட்டுமா, அல்லது ஆடுபலகையைக் கழற்றி வேலை செய்திருக்கிறார்களா என்று படங்களோடு கேளுங்கள். அசல் ஆடுபலகை நல்ல நிலையில் உள்ள, மின்னணுப் பலகைகள் பழுதான இயந்திரத்தை, ஓடுகிற ஆனால் ஆடுபலகை தேய்ந்த இயந்திரத்தைவிட அதிக விலைக்கு வாங்குவதில் தவறில்லை என்பதே என் முடிவு.

படி 8: கழற்றி எடுத்துச் செல்லுதல்

முழு இயந்திரம் நூறு கிலோவைத் தாண்டும். இருவர் இல்லாமல் தொடங்காதீர்கள். முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, பந்தை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே உருளும் பந்து ஒரே பயணத்தில் பல ஆண்டுத் தேய்மானத்தை உண்டாக்கிவிடும். பேக்கிளாஸைத் தனியே எடுத்து, போர்வையில் சுற்றி, நிமிர்த்திய நிலையில் வையுங்கள். தலைப்பெட்டியைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பியையும் படமெடுத்து, ஒட்டுத்தாளில் பெயரெழுதி ஒட்டுங்கள். சில இணைப்பிகள் தவறான இடத்திலும் பொருந்திவிடும், அப்படிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் பலகைகள் எரிந்துபோகும். கால்களை நீக்கிய பெட்டியை அதன் பின்முனை மீது நிமிர்த்தி நிறுத்தினால் சிறிய வாகனத்திலும் ஏற்றலாம்.

படி 9: மின்னழுத்தம்

அமெரிக்காவிலிருந்து வரும் இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். 230 வோல்ட் உள்ள நாடுகளில் அதை நேரடியாகச் செருகினால் அந்தக் கணமே அழிவு. பாலி தன் இயந்திரங்களை ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்ததால், மின்மாற்றியின் முதன்மைச் சுற்றில் உயர் மின்னழுத்தத்துக்கான முனைகளும் இடம்பெற்றிருக்கும். வரைபடத்தில் காட்டியபடி இணைப்புக் கம்பிகளை இடம் மாற்றிச் சால்டர் செய்தால் தனி மின்மாற்றி இல்லாமலே ஓட்டலாம். அதோடு இரண்டு மாற்றங்களையும் மறக்கக் கூடாது. மின்னழுத்தம் இருமடங்காகும்போது மின்னோட்டம் பாதியாகும் என்பதால் முதன்மை ஃபியூஸின் அளவைக் குறைக்க வேண்டும். 120 வோல்ட்டுக்கு உரிய மின்னெழுச்சித் தடுப்பான் முதல் நொடியிலேயே வெடிக்கும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும். சால்டரிங் பழக்கமில்லாதவர், தக்க அளவுள்ள இறக்கு மின்மாற்றியை வெளியே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எர்த் இணைப்பைக் கட்டாயம் சோதியுங்கள். பழைய இயந்திரங்களில் பிளக்கின் எர்த் முள்ளை யாரோ வெட்டியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. கால்களும் காசுக் கதவும் பக்கச் சட்டங்களும் உலோகம் என்பதையும், குழந்தைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டே ஆடுவார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

படி 10: வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலைகள்

முதல் நாளே பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிந்திருந்தால், தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் அந்தப் பகுதியைத் துடைத்துக் காரத்தை நடுநிலையாக்கி, பிறகு சுத்தமான நீராலும் ஆல்கஹாலாலும் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். பழைய பேட்டரிக்குப் பதிலாக மூன்று சாதாரணப் பென்சில் பேட்டரிகளைப் பலகைக்கு வெளியே ஒரு தாங்கியில் வைத்துக் கம்பி மூலம் இணைக்கலாம். அவை சார்ஜ் ஏற்றக்கூடாதவை என்பதால் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு இடையில் அவசியம். பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு, மின்சாரமின்றியும் நினைவைக் காக்கும் மாற்று நினைவகச் சிப்புகள் கிடைக்கின்றன. நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்.

அடுத்து ஃபிளிப்பர்கள். ஒவ்வொரு ஃபிளிப்பர் காயிலிலும் இரண்டு சுற்றுகள் உண்டு: பந்தை அடிக்க வலுவான ஒன்று, உயர்த்திய நிலையில் பிடித்திருக்க மென்மையான ஒன்று. ஃபிளிப்பர் உச்சத்தை எட்டும் கணத்தில் ஒரு சிறு சுவிட்சு திறந்து, வலுவான சுற்றைத் துண்டிக்கும். அந்தச் சுவிட்சு திறக்காவிட்டால், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் வலுவான சுற்று எரிந்துகொண்டிருக்கும். காயில் கருகும் வாடை வரும். அது சரியாக மூடாவிட்டால் ஃபிளிப்பர் சோம்பலாக எழும். ஆடுபலகையை உயர்த்தி, கையால் ஃபிளிப்பரைத் தள்ளி, கடைசி நிலையில் தகடுகளுக்கிடையே ஒரு சிறிய இடைவெளி தோன்றுகிறதா என்று பாருங்கள். “வலுவில்லை” என்று சொல்லப்படும் ஃபிளிப்பர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சரிசெய்தலிலும், தேய்ந்த உள்ளுறைக் குழாயையும் முனைப்பாகங்களையும் மாற்றுவதிலும் உயிர்பெற்றுவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபிளிப்பர் சுவிட்சுகள் அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் டங்ஸ்டன் முனைகள் கொண்டவை. அவற்றை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். மற்ற இலக்குகளின் சுவிட்சுகள் தங்கப் பூச்சுடையவை. அவற்றில் அரம் பட்டால் பூச்சு போய்விடும். ஒரு தடித்த காகித அட்டையை முனைகளுக்கிடையே வைத்து, மெதுவாக மூடி, இழுத்தாலே அழுக்கு நீங்கிவிடும்.

விளக்குகளைப் பொறுத்தவரை, 44 எண்ணுள்ள பல்புகள் 250 மில்லியாம்பியர் எடுக்கும். 47 எண்ணுள்ளவை 150 மில்லியாம்பியர் மட்டுமே. ஒளியில் வேறுபாடு சிறிது, வெப்பத்தில் வேறுபாடு பெரிது. பேக்கிளாஸின் வண்ணத்தையும் இணைப்பிகளையும் காக்க நினைப்பவர் 47 ஐத் தேர்வார். எல்.ஈ.டி. பல்புகளும் பொருந்தும், ஆனால் இந்த இயந்திரத்தின் விளக்குச் சுற்றுகளில் மின்னணுச் சுவிட்சுகளாக உள்ள எஸ்.சி.ஆர். பாகங்கள் இயங்கிக்கொண்டிருக்க ஓரளவு மின்னோட்டம் தேவை. எல்.ஈ.டி. எடுக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் அவை நிலைத்து நிற்காமல் விளக்கு படபடக்கும். அதற்கென உள்ள மின்தடையங்களையோ துணைப் பலகைகளையோ சேர்க்க வேண்டியிருக்கும். இந்த இயந்திரத்தின் ஓவியம் மஞ்சள் ஒளிக்காகவே தீட்டப்பட்டது என்பதால், பொது வெளிச்சத்துக்குப் பழைய பல்புகளே பொருத்தமானவை.

ஆடுபலகையைத் தண்ணீரால் துடைக்கக் கூடாது. வண்ணம் போன இடங்களின் வழியாக நீர் மரத்துக்குள் இறங்கி வீங்கச் செய்யும். பிளாஸ்டிக்குக்கான மென்மையான பாலிஷால் அழுக்கை நீக்கி, மேலே கார்னௌபா மெழுகு பூசினால் பந்து வேகமாக ஓடும், பூச்சும் காக்கப்படும். பந்து புதியதாக இருக்கட்டும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த எஃகுப் பந்தில் சிறு குழிகள் இருந்தாலும் அது பலகையை அரம்போலத் தேய்க்கும். பந்தின் விலையையும் பலகையின் விலையையும் ஒப்பிட்டால், பளபளப்புக் குறைந்ததுமே பந்தை மாற்றுவது சிக்கனம்.

இயந்திரத்தை நிறுத்தும்போது பக்கவாட்டு மட்டத்தை முதலில் சரிசெய்து, பிறகு பின்கால்களின் திருகுகளை உயர்த்திச் சாய்வைக் கூட்டுங்கள். 6 பாகை அளவிலான சாய்வில் இது நன்றாக ஆடும். குறைந்த சாய்வில் பந்து மிதந்து திரியும், வரிசையின் கடைசித் தகடுகளை வீழ்த்துவதில் உள்ள பதற்றம் போய்விடும். கடலோர ஊர்களில் வைப்பவர்கள் ஈரப்பதத்தைப் பற்றி மேலும் கவலைப்பட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தாமல், வாரத்தில் சிலமுறையாவது ஓட்டி உள்வெப்பத்தால் உலரவிட்டால் பேக்கிளாஸும் இணைப்பிகளும் நீண்ட நாள் நிலைக்கும்.

கையிருப்பில் ஒரு முழு ரப்பர் வளையத் தொகுப்பு, ஃபிளிப்பர் பாகங்கள், ஓரிரு டிராப் டார்கெட் தகடுகள், ஒவ்வொரு அளவிலும் சரியான ஃபியூஸ்கள், இரண்டு பந்துகள், சில பல்புகள் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் எரிந்தால் அதே அளவுள்ளதையே போட வேண்டும். அதுவும் மீண்டும் எரிந்தால், பெரிய ஃபியூஸைத் தேடாமல், சோதனைப் பொத்தானை அழுத்தி எந்தக் காயிலின் முறை வரும்போது எரிகிறது என்று பார்த்து, அந்தக் காயிலையும் அதை இயக்கும் டிரான்சிஸ்டரையும் அளந்து பாருங்கள்.